பன்னிரண்டு வோல்ட் கல்யாணம்

வேங்கைப்பாடிக்கு வந்த மைக் செட்டின் பேட்டரி கஞ்சி குடித்துச் செத்தது.

அதற்காக இருசம்மாளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்வராயன் மலையில், வேலை செய்கிற வாய்க்குக் கஞ்சி ஊற்றாமல் விடுவதைப் போலப் பாவம் வேறு கிடையாது. மகன் கரியனுக்கு அன்றைக்குக் கல்யாணம். கிழக்கு வெளுத்ததும் அடுக்குப் பானையோடு கிளம்பியவள், பந்தல் போட்டவர்களுக்கு ஊற்றினாள், மஞ்சள் இடித்தவர்களுக்கு ஊற்றினாள், கட்டிக் கிடந்த எருதுக்கும் ஊற்றினாள். பந்தல் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி ஆறு வாயையும் திறந்துகொண்டு கிடந்தது. மைக் செட்காரர் செல்லமுத்து, உள்ளே தண்ணீர் மட்டம் பார்ப்பதற்காக ஆறு மூடிகளையும் கழற்றிவிட்டு, ஓடைக்கு முகம் கழுவப் போயிருந்தார். இருசம்மாள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

"இன்னிக்கு பூரா பாடணுமே, பாவம்" என்று ஆறு வாயிலும் நிறைய நிறைய ஊற்றினாள்.

செல்லமுத்து திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு இருசம்மாளைப் பார்த்தார்.

"இன்னாம்மா ஊத்துன?"

"சாமக் கஞ்சிதான் தம்பி."

"பேட்டரில?"

"உப்பு போட்டுத்தான் ஊத்தினேன். சும்மா ஊத்துவனா?"

செல்லமுத்து சங்கராபுரத்தில் மைக் செட் வைத்திருப்பவர். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பார்த்தவர். காது குத்தில் அடிதடி, கருமாதியில் காதல் பாட்டு, கட்சிக்கூட்டத்தில் கல்லடி என்று எதற்கும் அசையாதவர், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

கரியன் ஓடி வந்தான். மஞ்சள் பூசிக் குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. "சத்தம் வருமாண்ணா?" என்றான்.

"ஏப்பம் வரும்" என்றார் செல்லமுத்து.

கரியன் அண்ணாந்து சூரியனைப் பார்த்தான். காரணம் இருந்தது. அந்தப் பக்கத்து மலையூர்களில் பெண் அழைக்க யாரும் நேரில் போவதில்லை. சத்தம்தான் போகும். நிச்சயத்தன்று மாப்பிள்ளை ஒரு சத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பறை என்றால் பறை, கொம்பு என்றால் கொம்பு. கல்யாணத்தன்று சூரியன் உச்சிக்கு வருவதற்குள் சொன்ன சத்தம் பெண் வீட்டில் கேட்டாக வேண்டும். கேட்டதும் பெண் வாசல் தாண்டி, அந்தச் சத்தம் வருகிற திசையில் நடந்து வந்து, சத்தம் போடுகிற பொருளைக் கையால் தொடுவாள். தொட்டால் கல்யாணம். உச்சி தாண்டியும் கேட்கவில்லை என்றால், அவள் மஞ்சள் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாமைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போய்விடுவாள். போனால் போனதுதான்.

எதிர்மலையில் இண்டங்காடு. அங்கே வெள்ளச்சி. வெள்ளச்சியின் அப்பா இருசப்பன், முறை என்றால் மூச்சைக்கூட முறைப்படி விடுகிற மனிதர். அவர் எதிரில் உட்கார்ந்து, "பறையும் வேணாம், கொம்பும் வேணாம். மைக் செட் குழாய் வெச்சிக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவன் கரியன். பறை என்று சொல்லியிருந்தால் பறைக்காரர் பக்கத்து வீடு. குழாய் என்று சொல்லிவிட்டதால், இப்போது பறையை அடித்தால் அது வேறு யார் கல்யாணமோ ஆகிவிடும்.

"வேற பேட்டரி?" என்றான் கரியன்.

"கள்ளக்குறிச்சில இருக்குது. பஸ்ஸு எங்க இருக்குது?"

பஸ் இல்லை. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். இட ஒதுக்கீடு கேட்டுக் கீழ்நாடு முழுக்க ஒரு வாரம் சாலை மறியல். மறியலுக்கு முந்தைய நாள் கடைசி பஸ்ஸில் குழாயும் பெட்டியுமாக ஏறி வந்தவர்தான் செல்லமுத்து. இறங்க வழியில்லாமல் மூன்று நாளாக மலையிலேயே இருந்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருப்பதாகவும், அதற்கு அந்தாண்ட மாட்டிக்கொண்டவர்கள் மோட்டார் சைக்கிள்களோடு ரெண்டு நாளாக அங்கேயே கிடப்பதாகவும், கடுக்காய் மூட்டை இறக்கப் போன ஆட்கள் வந்து சொல்லியிருந்தார்கள்.

"மோட்டார் சைக்கிளா?" செல்லமுத்து எழுந்துவிட்டார். "மாப்ள, மோட்டார் சைக்கிள்னா பேட்டரி இருக்கும்டா!"

ஒரே ஒரு சிக்கல். காப்புக் கட்டிய மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாது. ஊர்க்கவுண்டர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்து, "ஊர் மண்ணு கால்ல பட்டுக்கினே இருந்தா அவன் ஊர்லதான்டா இருக்கிறான்" என்று தீர்ப்புச் சொன்னார். கரியனின் டயர் செருப்பு ரெண்டிலும் ஊர் மண்ணைக் கொட்டிக் கொடியால் இறுக்கிக் கட்டினார்கள். அப்படியே மூன்று கல் தூரம் மலைத் தடத்தில் இறங்கினான், மண் சிந்தாமல், முட்டை மேல் நடக்கிறவனைப் போல. பின்னால் செல்லமுத்து செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜோடி பார்த்து எடுக்க வேண்டுமாம்.

அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. அதன் மேல் முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அண்டாவில் பொங்கல் வெந்தது. மறியலுக்குத் தலைவர் பூமாலை, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடுமரத்தில் இருந்தார்.

"யாருப்பா அது, மஞ்சளா ஒண்ணு வருது?"

கரியன் கும்பிட்டுக் கதையைச் சொன்னான். மரமே சிரித்தது.

"கல்யாணத்துக்கும் சாவுக்கும் வழி விடுவோம் தம்பி. வண்டிக்குத்தான் வழியில்ல" என்றார் பூமாலை. "பேட்டரி வண்டியா இல்லியான்னுதான் எனக்குக் கொழப்பம்."

"சக்கரம் இல்லீங்களே" என்றான் கரியன்.

"ஆமால்ல. அப்ப போவலாம். ஏம்பா, நாங்க ஒதுக்கீடு கேட்டு ஒக்காந்துக்கினு இருக்கிறோம். நீ இன்னா கேக்குற?"

"எனக்கு உச்சிக்குள்ள ஒரே ஒரு பொண்ணு ஒதுக்குனா போதுங்க."

இதைக் கேட்டதும் கூட்டம் அவனைத் தன் கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டது. பொங்கலை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் பேட்டரி பொறுக்க வந்தார்கள்.

புளியமரத்துக்கு அப்பால் பதினோரு வண்டிகள் நின்றன. செல்லமுத்து சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்தார். ரெண்டு வண்டியில் பேட்டரியே இல்லை. ஒன்றில் பேட்டரி இருந்த இடத்தில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. நாலைந்தை விரல் நுனியால் தொட்டே தள்ளிவிட்டார். மாட்டு டாக்டர் ஒருவரின் வண்டி வந்ததும் நின்று, "ஆரன் அடிங்க சார்" என்றார்.

டாக்டர் அடித்தார். குட்டி போட்ட ஆடு கூப்பிடுவது போல வந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றான் கரியன் நப்பாசையில்.

"ஆறு வோல்ட்டுடா. நம்ம மிஷினுக்குப் பன்னெண்டு வோணும். இதுல போட்டா மிஷினு கண்ணக்கூடத் தொறக்காது."

அடுத்தது மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு பதிவு செய்கிற ஒருவருடையது. அதுவும் ஆறு. பூமாலைக்கு உடனே கணக்கு ஓடியது. "ஆறும் ஆறும் பன்னெண்டுதானய்யா? ரெண்டையும் வரிசையா கோத்துடு."

"கோக்கலாங்க. ஆனா டாக்டரோடது கெழம், இவரோடது புதுசு. கெழ மாட்டையும் எளங்காளையையும் ஒரே ஏர்ல பூட்டினா எது வேகத்துக்குங்க ஏரு போவும்?"

"கெழ மாட்டு வேகத்துக்கு" என்றது மொத்த மறியலும்.

"அதான். ஆனா ஒண்ணு. சாயங்காலம் வரைக்கும் நிதானமா பாடும். சாவாது."

பதினோராவது வண்டி தனியாக நிழலில், துணி போர்த்தி நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு களமருதூர் சுபாஷ் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தான். முப்போகம் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. புது வண்டியில் பெண் பார்க்கப் புறப்பட்டு ரெண்டு நாளாக மறியல் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன். ஆறு வேளைப் பொங்கலில் அவன் முகம் பெண் பார்க்கிற பதத்தைத் தாண்டியிருந்தது.

"தம்பி, ஆரன்..." என்று தொடங்கினார் செல்லமுத்து.

"காதப் பொத்திக்குங்க" என்றான் சுபாஷ்.

அவன் அழுத்தினான். வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தில் மிச்சமிருந்த பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அண்டாவில் பொங்கல் ஒரு தடவை எகிறி அமர்ந்தது. மரத்தடியில் ரெண்டு நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, "கோரிக்கைய ஏத்துக்கினாங்களா?" என்று கேட்டார்.

"பன்னெண்டு வோல்ட்டு. போன வாரம் மாத்துனது" என்றான் சுபாஷ்.

செல்லமுத்து கரியனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "இதோ பாரு மாப்ள. அந்த ஆறு ரெண்டும் நின்னு பாடும், ஆனா சத்தம் கம்மி. இது சத்தம் ஜாஸ்தி, ஆனா சின்ன வவுறு. எவ்ளோ நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. சத்தமா, நேரமா? ஒண்ணு சொல்லு."

கரியன் எதிர்மலையை நிமிர்ந்து பார்த்தான். சூரியன் பனைமரம் உயரம் ஏறிவிட்டது. கம்மிச் சத்தம் நடுப்பள்ளத்தில் விழுந்துவிட்டால்? வெள்ளச்சி களைக்கொட்டைத் தேடி எடுப்பது கண்ணில் தெரிந்தது.

"சத்தம்" என்றான்.

சுபாஷ் ரெண்டு நிபந்தனை போட்டான். ஒன்று, பேட்டரி போகிற இடத்துக்கு அவனும் வருவான். ரெண்டு, முதல் பாட்டுக்கு முன்னால் 'பேட்டரி உபயம், களமருதூர் சுபாஷ்' என்று சொல்ல வேண்டும்.

"கோயில் டியூப்லைட்டுக்கே எழுதுறாங்க, இதுக்குச் சொல்ல மாட்டமா?" என்றார் செல்லமுத்து.

பேட்டரி சாய்ந்தால் உள்ளே இருக்கும் திராவகம் சிந்தும். ஆகவே சுபாஷ் அதைத் துண்டில் பொதிந்து, நிமிர்த்தி, இடுப்பில் வைத்துக்கொண்டான். பூமாலை தன் குடையைக் கொடுத்தார். கரியன் குடை பிடித்தான். வழியில் கொல்லையில் நின்ற ஒரு பெண், "கொழந்த யாரு மாதிரி?" என்று கேட்டாள். "அப்பன் மாதிரி. கறுப்பு" என்று சொல்லிவிட்டுச் சுபாஷ் நிற்காமல் ஏறினான்.

வேங்கைப்பாடி எல்லையில் இருசம்மாள் காத்திருந்தாள். கையில் சொம்பு. "வெயில்ல வந்திருக்குதே, ஒரு மொடக்கு..." என்று பேட்டரியிடம் நெருங்கினாள். மூன்று ஆண்களும் போட்ட கூச்சலில் சொம்பு உருண்டு ஓடைக்குப் போனது.

ஊர் நடுவில் இருந்த வேங்கை மரத்தின் உச்சியில் குழாய் கட்டியிருந்தது. செல்லமுத்து வயரை மாட்டினார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. உச்சிக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. மைக்கை ஊதி, தட்டி, "அலோ... அலோ... பேட்டரி உபயம், களமருதூர் சுபாஷ்" என்றார். நாதசுர கேசட்டைப் போட்டார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி மலையில் பலரும் பலவிதமாகப் பெருக்கிச் சொல்வதுண்டு. அதெல்லாம் வேண்டாம். நடந்ததை மட்டும் சொன்னால் போதும். பலாமரத்தில் பருவம் தப்பிக் காய்த்திருந்த ஒரு பிஞ்சு பயத்தில் பழுத்தது. பாறைத் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துகொண்டு, தேனோடு சேலம் பக்கம் குடிபோயின. புதரிலிருந்து ஒரு கரடி வந்து, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்தது. இருசம்மாள் அதற்கும் ஊற்றினாள். கள்ளக்குறிச்சிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "உபயம் யாருன்னாங்க?" என்று திரும்பிக் கேட்டாராம். அவ்வளவுதான்.

கரியன் துள்ளினான். செல்லமுத்துவைத் தூக்கிச் சுற்றினான். சுபாஷைத் தூக்கிச் சுற்றினான். "கேட்டிருக்கும்! கட்டாயம் கேட்டிருக்கும்!" என்று கத்தினான். யாருக்கும் காதில் விழவில்லை.

அரை மணி நேரத்தில் வடக்குத் தடத்தில் மஞ்சள் சேலை தெரிந்தது. பெண் வீட்டார்! ஊரே எதிர்கொண்டு ஓடியது. கிட்டே போனால், பெண் வெள்ளச்சி இல்லை.

"நீ யாரும்மா?"

"கொழாய் சத்தம் கேட்டுச்சி. வந்தேன்."

நடந்தது இதுதான். கரியன் குழாய் என்று சொன்னதைக் கேள்விப்பட்டு, சுற்றுப்பட்டு மாப்பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் தங்கள் நிச்சயத்தில் குழாய் என்றே சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் கல்யாணம் ஐப்பசியில். சத்தம் அந்த ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. மறியலால் நாளை முன்னே தள்ளிவிட்டார்கள் போல என்று நினைத்து அந்தப் பெண்களும் வாசல் தாண்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் மேற்கிலிருந்து ஒருத்தி வந்தாள். தெற்கிலிருந்து ஒருத்தி மேளத்தோடேயே வந்தாள். மூன்று பேரும் நேராக வேங்கை மரத்தைப் பார்த்து நடந்தார்கள்.

"தொடாதீங்க! தொட்டுடாதீங்க!" ஊர்க்கவுண்டர் கையை விரித்துக்கொண்டு மரத்துக்குக் குறுக்கே பாய்ந்தார். "எவ தொட்டாலும் கரியன் அவளுக்குத்தான்! முறை!"

சுபாஷையும் நாலு பையன்களையும் மரத்தைச் சுற்றி நிறுத்தினார்கள். இருசம்மாள் மூன்று பெண்களையும் பந்தலில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள். கரடி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

எல்லாரும் வந்தாயிற்று. வெள்ளச்சி எங்கே? எல்லாரையும்விட இண்டங்காடுதான் கிட்டே.

கூரை மேல் ஏறி நின்ற ஒருவன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, "தெரியுது! மஞ்ச சேல தெரியுது!" என்றான். பிறகு குரல் இறங்கியது. "ஆனா அந்தாண்ட போவுது."

கரியன் கூரை மேல் தாவினான். எதிர்மலைச் சரிவில் இருசப்பன் முன்னால், வெள்ளச்சி பின்னால், அதற்குப் பின்னால் சீர்த்தட்டு. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தார்கள்.

செல்லமுத்துதான் முதலில் புரிந்துகொண்டார். குழாய்ச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி, இண்டங்காட்டையும் தாண்டி, அதன் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறையில் மோதித் திரும்புகிறது. திரும்புகிற சத்தம் போகிற சத்தத்தைவிடப் பெரிசு. இருசப்பனுக்கு வேங்கைப்பாடி எந்தத் திசை என்று தெரியாமல் இல்லை. நாற்பது வருஷமாக வந்துபோகிற ஊர். பின்னால் அவரே சொன்னது: "தெச தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா சத்தம் அங்கேருந்து வருதே. முறைன்னா முறை."

"ஆள அனுப்பலாமா?" என்றான் சுபாஷ்.

"ஆள் போயிச் சொன்னா அது சேதி. சத்தமாவாது" என்றார் ஊர்க்கவுண்டர்.

"குழாயத் திருப்பலாமா?"

"எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பாற இருக்குது."

"வயரப் புடுங்கிடலாமா?"

"ஐயோ! சத்தம் நின்னா கல்யாணம் நின்னுச்சின்னு அர்த்தம். பொண்ணு வூட்டுக்குப் பூடும்."

"அப்பக் கம்மி பண்ணுண்ணா!" என்று கரியன் கத்தினான். "சத்தத்தக் கம்மி பண்ணு!"

செல்லமுத்து அவனை வருத்தத்தோடு பார்த்தார். பதினைந்து வருஷத்தில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. யாருமே சொல்லாததால் மிஷினின் திருகு உச்சியிலேயே நின்று துருப்பிடித்துவிட்டது. ரெண்டு கையாலும் முறுக்கினார். பல்லால் கடித்து முறுக்கினார். சுபாஷ் வந்து முறுக்கினான். திருகு கையோடு வந்துவிட்டது. சத்தம் அப்படியே இருந்தது. எதிர்மலையில் வெள்ளச்சி பாதி மலை ஏறிவிட்டாள். சத்தம் கூப்பிடக் கூப்பிட அவள் தூரம் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் நூறு அடியில் உச்சி. உச்சி தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் சேலம் ஜில்லா.

கரியன் மரத்தில் பாய்ந்து ஏறினான். ஏறின வேகத்தில் செருப்பு ரெண்டும் கழன்று விழுந்தன. உச்சிக்குப் போனதும் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நெஞ்சு எலும்பெல்லாம் நாதசுரம் வாசித்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் குழாயின் வாய்க்குள் திணித்தான். சத்தம் பாதியானது. எதிர்மலையில் இருசப்பன் கொஞ்சம் தயங்கினார். மறுபடி நடந்தார்.

"போதல!" என்று கூரை மேலிருந்தவன் கத்தினான்.

கரியன் மேல்துண்டைத் திணித்தான்.

"இன்னும் போதல! உச்சிக்கிட்டப் போய்ட்டாங்க!"

கரியன் கீழே பார்த்தான். ஊரே நின்றது. வேற்றூர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். கரடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கல்யாண வேட்டியை அவிழ்த்தான். எட்டு முழத்தையும் சுருட்டி உள்ளே இடித்தான்.

நாதசுரம் பக்கத்து வீட்டில் அம்மி அரைக்கிற சத்தமாகச் சுருங்கியது. மொட்டைப் பாறை வாயை மூடிக்கொண்டது. எதிர்மலையில் வரிசை நின்றது. இருசப்பன் காதில் கையை வைத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். பிறகு முழுசாகத் திரும்பினார்.

"வராங்க! இந்தாண்ட வராங்க!"

வேங்கைப்பாடி குதித்த குதியில் பந்தலின் ஒரு மூலை சாய்ந்தது. மேளம் கொண்டுவந்திருந்த தெற்கூர்க்காரர்கள், அது யார் கல்யாணம் என்று பார்க்காமல் அடித்து நொறுக்கினார்கள். சுபாஷ் தன் பேட்டரியைச் சுற்றிச் சுற்றி ஆடினான்.

வெள்ளச்சி வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒரு மலை ஏறி இறங்கி இன்னொரு மலை ஏறியதில் முகத்து மஞ்சள் வேர்வையோடு கழுத்துக்கு வந்திருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"மரத்துல யாரு?"

"மாப்ள" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கோவணத்தோடவா?"

"எல்லாம் உனக்காகத்தாம்மா."

"எறங்கி வாய்யா" என்றாள் வெள்ளச்சி.

"எப்பிடி எறங்குறது? எறங்கணும்னா வேட்டி வோணும். வேட்டிய உருவினா சத்தம் ஜாஸ்தியாவும். ஜாஸ்தியானா நீ மறுபடியும் அந்தாண்ட நடக்கணும்."

"ஆமா. நடக்கத்தான் வோணும்" என்றார் இருசப்பன்.

வெள்ளச்சி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று மைல் நடந்த பார்வை அது. அவள் மஞ்சள் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். கடுக்காய் பறிக்க எட்டு வயசிலிருந்து மரம் ஏறுகிறவள். வேங்கை மரம் அவளுக்கு வீட்டுப் படி. விறுவிறுவென்று ஏறி, கரியனுக்கு எதிர்க் கிளையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, குழாயின் மேல் கையை வைத்தாள்.

"தொட்டுட்டா!" என்று ஊர் அலறியது.

"இத்தனை பேட்டரில ஏன்யா இவ்ளோ சத்தமா ஒண்ண எடுத்த?" என்றாள் வெள்ளச்சி.

"உனக்குக் கேக்கணும்னுதான்."

"சேலத்துக்கே கேட்டுச்சி."

"கோவமா?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியாமல் கிளையே குலுங்கியது.

தாலியை மூங்கில் கழியின் நுனியில் கட்டி மேலே நீட்டினார்கள். இருசப்பனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மணவற கெழக்க பாத்து இருக்கணுமே!" என்றார்.

ஊர்க்கவுண்டர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "கெள கெழக்கதான்யா போவுது" என்றார். "கட்டுடா."

கரியன் கட்டினான். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் வெள்ளச்சி குழாய்க்குள் கையைவிட்டு, "மொதல்ல இதக் கட்டு. ஊரே பாக்குது" என்று வேட்டியை உருவி அவன் மடியில் போட்டாள். துண்டும் தலைப்பாகையும் அதோடு சேர்ந்து வந்தன. சத்தம் முழுசாக வெடித்துக் கிளம்பியது. கீழே இருசப்பன் சீர்த்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மொட்டைப் பாறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்து உட்கார வைத்தார்கள்.